பட்டறைப் பதில்கள்: புகைகிற மோட்டார், சொட்டுகிற மோட்டார்

மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறி நாகமரை வரைக்கும் பரந்து நிற்கிற மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் படகு மோட்டார் புகைகிறது என்று, மீதி ஆயில் சொட்டுகிறது என்று. அதனால் பம்புசெட், பவர் டில்லர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில்.

அண்ணா, நாகமரையில் மீன் பிடிக்கிறேன். 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மோட்டார், இரண்டு சிலிண்டர், பழையதாக வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் படகே தெரியாத அளவுக்குப் புகை. டவுனில் ஒரு டூ வீலர் மெக்கானிக்கிடம் காட்டினேன். "ரிங் போயிடுச்சு, கிராங்க் சீலும் போயிருக்கும், ரீபோர் பண்ணணும்" என்கிறார். செய்துவிடலாமா?
மீனவர், நாகமரை

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டாம். புகை என்ன நிறம், மோட்டார் நன்றாகச் சூடான பிறகும் வருகிறதா என்ற இரண்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த இரண்டையும் பார்க்காமல் யாரும் சிலிண்டரைக் கழற்றி ரீபோர் (உள்சுவரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்யக் கூடாது.

அந்த மெக்கானிக் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 மாதிரி வண்டிகளில் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போனால், பக்கத்திலேயே இருக்கும் கியர் ஆயிலை இஞ்சின் உறிஞ்சி எரிக்கும். பின்னால் வருகிறவர் கண் எரியும். அதைப் பார்த்துப் பழகியவர் அப்படித்தான் யோசிப்பார். ஆனால் அவுட்போர்டில், அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இந்த மோட்டாரில், கியர் பாக்ஸ் கீழே தண்ணீருக்குள் இருக்கிறது, இஞ்சின் மேலே இருக்கிறது, நடுவில் ஒரு நீளமான ஷாஃப்ட். அந்தக் கியர் ஆயில் மேலே ஏறி வந்து எரிவதற்கு வழியே இல்லை. கிராங்க் சீல் போனால் இதில் தெரிகிற அடையாளம் வேறு: ஐடிலிங் (கியர் போடாமல் மெதுவாக ஓடுவது) சீராக இருக்காது, காற்றை இழுத்துக்கொண்டு தானாக ஏறி இறங்கும், சூடாகும்.

இனி நிறத்துக்கு வருவோம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கருப்பாக வந்தால் பெட்ரோல் கூடுதல். வெள்ளையாக வந்து காற்றில் சீக்கிரம் கரைந்தால் நீராவி. டூ ஸ்ட்ரோக் என்றாலே பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கிற மோட்டார். குளிர்ந்து கிடந்தது முதல் சில நிமிடம் நீலமாகப் புகைவதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, ஐடிலிங்கில் புகை மேலே இருக்கிற சிறு துளை வழியாக உங்கள் முகத்துக்கே வரும். கியர் போட்டு வேகம் எடுத்தால் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். கரையில் நிற்கும்போது பயமுறுத்துகிற புகை, நடு ஏரியில் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சூடான பிறகும் நீலமாகவே வருகிறது என்றால் முதலில் இஞ்சினைப் பார்க்காதீர்கள், கேனைப் பாருங்கள். எப்படிக் கலக்கிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் "லிட்டருக்கு ஒரு மூடி" என்கிறார்கள். எந்த மூடி? ஒவ்வொரு டப்பாவின் மூடியும் ஒவ்வொரு அளவு. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்துக் கைகளுக்குப் பெட்ரோலில் ஆயில் கலப்பது பழக்கம். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே இடிக்கிறது. இன்று புழக்கத்தில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் பலவற்றுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 10 லிட்டர் கேனுக்கு 200 மில்லி. புது ரிங் போட்டு ஓடப் பழக்கும்போது மட்டும் பெரும்பாலும் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மாடலுக்கு எது என்று மூடியின் உள்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. மருந்துக்கடையில் அளவுக் கோப்பை கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில், நன்றாகக் குலுக்கு, அப்புறம் மீதிப் பெட்ரோல். இந்த வரிசையில் கலந்தால் ஆயில் அடியில் தங்காது.

"கொஞ்சம் கூட ஊற்றினால் மோட்டாருக்கு நல்லதுதானே" என்று நினைக்கிறவர்கள் நிறைய. நல்லதில்லை. கலவையில் ஆயில் கூடினால் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, மோட்டார் சூடாகிறது. எரியாத ஆயில் கரியாகி பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் இறுகிவிடும். ரிங் தேயாமலே அசையாமல் ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) விழும், ரிங் போய்விட்டது என்றே தோன்றும். ரீபோர் செய்யச் சொல்லி வருகிற மோட்டார்களில் இந்தக் கேஸ் எனக்கு அடிக்கடி வருகிறது. பிளக் துளை வழியாக டீகார்பனைசிங் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் ஓட்டிப் பாருங்கள். முதலில் ஊரே கூடுகிற மாதிரி புகைக்கும், பயப்பட வேண்டாம்.

ஆயில் வகையும் முக்கியம். பைக்குக்கு விற்கிற 2டி ஆயிலை ஊற்றுகிறீர்களா? அது காற்றால் குளிர்கிற இஞ்சினுக்காகச் செய்தது. அவுட்போர்டு தண்ணீரால் குளிர்கிறது, உள்ளே சூடு குறைவு. பைக் ஆயிலில் இருக்கும் சாம்பல் தருகிற சரக்கு அங்கே எரிந்து போகாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். டப்பாவில் டி.சி.-டபிள்யூ.3 என்ற குறி இருக்க வேண்டும். தருமபுரியில் கடைக்குக் கடை கிடைக்காது. சென்னை, நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவைப்பது உத்தமம்.

வலை விடும்போது மணிக்கணக்கில் மெதுவாகவே ஓட்டுகிறீர்கள் என்றால், எரியாத ஆயில் கிராங்க் கேஸில் சேர்ந்து நிற்கும். திடீரென்று த்ராட்டில் கொடுத்ததும் ஒரு மேகம் கிளம்பும். அவ்வப்போது கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டிவிட்டால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் புகை நிற்கவில்லையா? அப்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் உள்ளே வேலை இருக்கிறது. அந்த நாளில் ரீபோர் பற்றிப் பேசலாம்.

ஐயா, புதிதாக 5 எச்.பி. போர் ஸ்ட்ரோக் வாங்கினேன். ஏரிக்கரையில் விட்டால் திருட்டுப் போகிறது என்று தினமும் கழற்றி டாடா ஏஸில் படுக்கவைத்து வீட்டுக்கு எடுத்து வருகிறேன். மறுநாள் சில சமயம் கயிறே இழுக்க வருவதில்லை. இழுபட்டால் ஒரே நீலப் புகை, கார்புரேட்டர் வாயில் ஆயில். புது மோட்டாரே இப்படியா? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
வாசகர், ஏரியூர்

விற்றவர் மேல் தப்பில்லை, படுக்கவைத்த பக்கம்தான் தப்பு. போர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாகக் கிராங்க் கேஸில் நிற்கிறது. மோட்டாரைத் தவறான பக்கம் சாய்த்தால் அந்த ஆயில் ரிங்கைத் தாண்டி சிலிண்டர் தலைக்குள் இறங்கும், கிராங்க் கேஸின் ஆவி வெளியேறும் பிரீத்தர் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கும் போகும். மோட்டாரின் மேலேயே எந்தப் பக்கம் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பக்கம் மாறும், அதனால் பக்கத்துப் படகுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், ஸ்டிக்கரைக் கேளுங்கள். படுக்கவைப்பதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடித்து, உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்க வடியும்வரை ஒரு நிமிடம் நிமிர்த்திப் பிடியுங்கள். இஞ்சின் தலை எப்போதும் புரொப்பல்லரைவிட மேலே இருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் மிச்சத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் போகும்.

கயிறு இழுக்க வராத நாளில் பலம் காட்டாதீர்கள். பிஸ்டனுக்கு மேலே ஆயில் நின்றால் அது அமுங்காது. வேகமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். கில் ஸ்விட்ச் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கை எடுத்து, துளைக்கு மேல் துணியைப் போட்டு மெதுவாகக் கயிற்றை இழுங்கள். ஆயில் துணியில் வந்துவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆயில் அளவைப் பார்த்து, குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரம் புகைந்து தானாக அடங்கும்.

ஆயில் அளவு பார்க்கும்போது மோட்டார் செங்குத்தாக இருக்க வேண்டும், நிறுத்திச் சில நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆயில் கண்ணாடியில் கோட்டுக்கு மேலே போனால் நல்லது என்று யாரோ சொல்லி ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். கூடுதல் ஆயிலும் அதே பிரீத்தர் வழியாகத்தான் போய்ப் புகையாகும்.

என் போர் ஸ்ட்ரோக்கில் ஆயில் குறையவே இல்லை. ஊற்றாமலே கூடுகிறது! இது லாபமா நஷ்டமா?
வாசகர், பென்னாகரம்

நஷ்டம். அளவுக்கம்பியை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வரும். எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. அதிகாலைக் குளிரில் மெதுவாகவே ஓட்டி, மோட்டார் சூடேறுவதற்குள் நிறுத்தினால் இப்படி ஆகும். சூடேறும்வரை குளிர்நீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டாலும் மோட்டார் சூடேறாது, அதே கதைதான். வேறொரு வழியும் உண்டு: பெட்ரோல் பம்ப் ராக்கர் கவரில் பொருத்திய மாடல்களில் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். அது வேகமாகக் கூடும், ஒரே நாளில் தெரியும். எதுவானாலும் நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டாதீர்கள், பேரிங் தேயும். வடித்துவிட்டுப் புது ஆயில், எஃப்.சி.-டபிள்யூ. (போர் ஸ்ட்ரோக் படகு மோட்டாருக்கான குறி) உள்ள 10டபிள்யூ-30, ஊற்றிக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள்.

பாரூர் ஏரியில் படகு ஓட்டுகிறேன். மோட்டாரைத் தண்ணீரில் இறக்கியதும் சுற்றிலும் வானவில் நிறத்தில் எண்ணெய் படலம். புரொப்பல்லர் பக்கம் கருப்பாகப் பிசுபிசுக்கிறது. ஆயில் லீக் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே தேடுவது?
மீனவர், பாரூர்

எங்கே என்பதற்கு முன்னால் எந்த ஆயில் என்று பாருங்கள். ஒரு மோட்டாரில் இரண்டு மூன்று வகை இருக்கிறது. புரொப்பல்லர் நடுவிலிருந்து வரும் கருப்புப் பிசுபிசுப்பை விரலில் தொட்டுப் பாருங்கள். மெல்லியதாக, பெட்ரோல் வாசனையோடு, கரி கலந்து இருந்தால் அது எக்ஸாஸ்டிலிருந்து வரும் எரியாத டூ ஸ்ட்ரோக் ஆயில். லீக் கிடையாது, கலவையைச் சரிசெய்தால் குறையும். கெட்டியாக, வழவழப்பாக, கந்தகம் மாதிரி ஒரு நெடியோடு இருந்தால் கியர் ஆயில். இது லீக்தான், தள்ளிப்போடக் கூடாது. சின்ன மோட்டாரின் கியர் பாக்ஸில் பிடிப்பதே அரை லிட்டருக்கும் குறைவு. ஆயில் வெளியே போகிற வழியில் தண்ணீர் உள்ளே வரும், கியர் துருப்பிடிக்கும்.

உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி. மோட்டாரை ஒரு ராத்திரி நிமிர்த்தி ஸ்டாண்டில் விட்டு, காலையில் கியர் பாக்ஸின் கீழ் ஸ்குரூவை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எடை அதிகம், அடியில் நிற்கும். உள்ளே போயிருந்தால் முதலில் அதுதான் வரும். ஓட்டிய உடனே வடித்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் வரும். அதுவும் அதே சேதிதான். கீழ் ஸ்குரூவில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பசை இருப்பது வழக்கம். பல் பல்லாகத் துண்டு இருந்தால் கியர் உடைகிறது.

இனி இடம். நம் ஏரிகளில் முதல் குற்றவாளி தங்கூசி நரம்புதான். அறுந்த வலை நரம்பு சுழன்று புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து தெரியாது. அது ஆயில் சீலுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும். பாரூரில் கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் எவ்வளவு வலை கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு (சுற்றும்போது ஸ்டார்ட் ஆனால் விரல் போகும்), ஸ்பிலிட் பின், நட்டு, புரொப்பல்லர், அதற்குப் பின்னால் இருக்கிற வாஷர் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வையுங்கள். நரம்பு இருந்தால் கத்தியால் குத்தாமல் பிரித்து எடுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் சீல் செலவே வராது.

நரம்பு இல்லை, ஆனாலும் கசிகிறது என்றால், ஆயில் போடும் இரண்டு ஸ்குரூவின் வாஷர்களைப் பாருங்கள். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு மேலும் மேலும் முறுக்கி வைத்திருப்பார்கள். சில ரூபாய் வாஷர், ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். அதுவும் சரி என்றால் கியர் பாக்ஸுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, சுமார் 10 பி.எஸ்.ஐ., சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நேரே வைத்து அடிக்காதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும். கைப்பம்பு போதும். குமிழி புரொப்பல்லர் ஷாஃப்டில் வரலாம், கியர் மாற்றும் கம்பியில் வரலாம், மேலே வாட்டர் பம்புக்கு அடியில் டிரைவ் ஷாஃப்டிலும் வரலாம். சீல் மாற்றும்போது எந்த வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படுகிற பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது, அதை முதலில் தீர்க்க வேண்டும்.

ஆயில் ஊற்றுவது கீழிருந்து மேலே. டியூப்பைக் கீழ்த் துளையில் பொருத்தி அமுக்கிக்கொண்டே போங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிய வேண்டும். மேல் ஸ்குரூவை முதலில் மாட்டுங்கள், அப்புறம் டியூப்பை எடுத்துக் கீழ் ஸ்குரூ. மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும், நிறைந்ததாகத் தெரியும், பாதிதான் இருக்கும். 100 மணி நேரம் ஓட்டிய பிறகு, இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வடித்த ஆயிலை ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். உங்கள் மீன் அங்கேதான் வளர்கிறது.

கிருஷ்ணகிரி அணையில் படகு ஓட்டும் எங்கள் மோட்டாரில் மார்கழி, தை மாதங்களில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?
வாசகர், கிருஷ்ணகிரி

விடிகாலைக் குளிரில் வந்து வெயில் ஏறியதும் நின்றால் அது வெறும் ஆவி, விட்டுவிடுங்கள். வெயிலிலும் நிற்கவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றது பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவைத்தது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. அப்போது உங்கள் சந்தேகம் சரி.

ஹெட் கேஸ்கெட் தானாகப் போவதைவிட மோட்டார் கொதித்துப் போவதுதான் அதிகம். பக்கத்தில் பீய்ச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி மெலிந்துவிட்டதா, சுடச் சுட வருகிறதா என்று கவனியுங்கள். வெள்ளம் வந்த பிறகு அணையில் வண்டல் அதிகம், வாட்டர் பம்ப் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகளை அது தேய்க்கும். தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓட்டினாலே அந்த ரப்பர் கருகும். கரையில் "சத்தம் எப்படி இருக்கு பார்ப்போம்" என்று இழுத்துக் காட்டுகிறவர்களால் போன இம்பெல்லர்கள் கணக்கில்லை. ட்ரம்மில் வைத்து ஓட்டுவதானால் தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு மேலே நன்றாக நிற்க வேண்டும். அந்த ட்ரம்முக்கு முடிந்தால் மழைத் தண்ணீரோ அணைத் தண்ணீரோ பிடியுங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர்த் தண்ணீர் கடினம், குடத்தில் படிகிற வெள்ளை உப்பு மோட்டாரின் தண்ணீர்ப் பாதையிலும் படியும்.

வெள்ளைப் புகைக்குப் பெட்ரோலில் கலந்த தண்ணீரும் காரணமாகலாம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பெரும்பாலான அவுட்போர்டுக் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தனியாக நிற்கும். டூ ஸ்ட்ரோக் ஆட்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், மோட்டார் அடியிலிருந்து இழுப்பதில் ஆயிலே இருக்காது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், கேனை இறுக மூடுங்கள், கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அடியில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாய் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் மாற்றுங்கள்.

ஓசூர் பக்கம் ஏரி மீன் குத்தகை எடுத்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்று வாங்கி வந்தேன். அங்கே ஓட்டிக் காட்டியபோது நன்றாக இருந்தது. இங்கே கரும்புகை, இழுவையும் இல்லை. மலையேறி வந்ததால் இப்படியா?
வாசகர், ஓசூர்

கொஞ்சம் அதனால்தான். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்று சக்தி குறையும், காற்றும் மெலிவதால் கடற்கரைக்கு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற சிறு துளை) இங்கே பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாக ஊற்றும். ஆனால் நீங்கள் எழுதுகிற அளவுக் கரும்புகை உயரத்தால் மட்டும் வராது. நான் இளவயதில் நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவன். அங்கிருந்து வரும் மோட்டாரில் முதலில் அது மண்ணெண்ணெய் மாடலா என்று பார்ப்பேன். அந்த மாடல்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். ஜெட் முதற்கொண்டு அமைப்பே வேறு. அது இல்லை என்றால் சோக் முழுக்கத் திறக்கிறதா, கார்புரேட்டர் மிதவை ஊசி பெட்ரோலை நிறுத்துகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஊசிதான்.

கடல் மோட்டார் என்பதால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். உப்பில் இறுகித் திறந்தபடியே நின்றிருக்கும், இல்லாவிட்டால் சூடாகிறது என்று யாராவது பிடுங்கி எறிந்திருப்பார்கள். குளிர்ந்தே ஓடுகிற மோட்டார் பிளக்கைக் கருப்பாக்கும். இதெல்லாம் சரியான பிறகும் இழுவை போதவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் ஒன்று மாட்டிப் பாருங்கள்.

மீன் குட்டைக்கு என்று ஆன்லைனில் சின்ன மோட்டார் வாங்கினேன். புல் வெட்டும் மிஷின் இஞ்சின் மாதிரி இருக்கிறது. நீங்கள் முன்பு ஒரு பதிலில் சொன்ன டி.சி.-டபிள்யூ.3 ஆயில் போட்டேன். இருந்தும் புகைகிறது, சீக்கிரம் சூடாகிறது.
வாசகர், காவேரிப்பட்டணம்

மாதிரி இல்லை, அது புல் வெட்டும் மிஷின் இஞ்சினேதான், கீழே ஒரு ஷாஃப்டும் புரொப்பல்லரும் சேர்த்து விற்கிறார்கள். காற்றால் குளிர்வது. நான் சொன்ன ஆயில் தண்ணீரால் குளிர்கிற மோட்டாருக்கு. உங்களுடையதற்கு ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.டி. குறி உள்ள டூ ஸ்ட்ரோக் ஆயில் வேண்டும். கலவை அளவு டப்பாவோடு வந்த தாளில் இருக்கும், பெரும்பாலும் 25-க்கு 1. அந்த அளவில் சற்றுப் புகையத்தான் செய்யும். சிலிண்டரின் இறக்கைகளில் புல்லும் தூசியும் அடைந்திருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். குட்டையைச் சுற்றித் தீவனம் போட இது போதும். அணையில் காற்றை எதிர்த்துப் போக நம்பி இறங்காதீர்கள்.

கியர் பாக்ஸ் கசிவுக்கு எம்-சீல் வைத்தால் நிற்குமா?
வாசகர், பாலக்கோடு

உடைந்த பாடியில் வைத்தால் கரை வந்து சேரும்வரை நிற்கலாம். ஆயில் சீல் மேல் வைத்தால் நிற்காது, அடுத்து கழற்றுகிறவன் உங்களைத் திட்டுவான்.

என் வீட்டுக்காரர் மோட்டாரை ராத்திரி சமையலறைச் சுவர் ஓரம் சாய்த்து வைக்கிறார். காலையில் தரையில் எண்ணெய், வீடு முழுக்கப் பெட்ரோல் நாற்றம். "மோட்டார்னா அப்படித்தான்" என்கிறார். அப்படித்தானா?
வாசகி, நாகமரை

இல்லை அம்மா. எண்ணெய் விஷயம் அப்புறம், முதலில் மோட்டாரைச் சமையலறையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து அடுப்பு இருக்கிற இடத்துக்கு வரும். கேனும் வீட்டுக்குள் வேண்டாம். காற்றோட்டமான தாழ்வாரமோ கொட்டகையோ போதும், சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளட்டும். மோட்டாருக்குள் டேங்க் இருந்தால் அதன் மூடியில் இருக்கும் காற்றுத் திருகை மூடி, குழாயையும் மூடி வைக்க வேண்டும். தனி டேங்க் என்றால் குழாயைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டே கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து நிற்கும்படி விட வேண்டும். நாற்றம் பாதிக்கு மேல் அதிலேயே போகும். பூட்டிய கொட்டகைக்குள் மோட்டாரை ஓட்டிப் பார்க்க மட்டும் விடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

எண்ணெய்க்கு, சாய்க்காமல் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து அடியில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். காலையில் கறை புரொப்பல்லருக்கு நேர் கீழே விழுந்திருக்கிறதா, அதற்கு முன்னால் தள்ளி விழுந்திருக்கிறதா, வாசனை பெட்ரோலா கந்தகமா என்று பார்த்து, மோட்டார் டூ ஸ்ட்ரோக்கா போர் ஸ்ட்ரோக்கா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அவருக்கான பதிலை அடுத்த இதழில் எழுதுகிறேன்.